அயல்நாட்டுச் சிற்றூரில் ஓய்வுக் காலம்

உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற ஒருவர், தாம் பிறந்து வளர்ந்து பொருள் தேடிய தேசத்தை விட்டு, பாஷையும் பழக்க வழக்கங்களும் வேறான மற்றொரு தேசத்தில், அதுவும் ஒரு சிற்றூரில், எஞ்சிய காலத்தைக் கழிக்கச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்விப்படுகிறவர்களில் பாதிப் பேர், கையில் காசு போதாமல் போகிறார் என்பார்கள். மற்றப் பாதிப் பேர், தேசாபிமானமற்றவர் என்பார்கள். இவ்விரு தீர்ப்புகளும் சாட்சியத்தைக் கேளாமலே வழங்கப்பட்டவை என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயம் தனி மனிதர் சிலருடைய விநோத ஆசையாக இருந்த காலம் போய்விட்டது. சர்க்கார்களே இதற்கெனச் சட்டம் இயற்றுகின்றன. பனாமா தேசம் 1987-ம் வருஷத்திலேயே அயல்நாட்டுப் பென்ஷன்காரர்களை வரவேற்றுச் சட்டம் செய்தது. இத்தாலி 2019-ம் வருஷம் முதல், தனது தென்பாகத்தில் 20,000 ஜனங்களுக்கு மேற்படாத ஊர்களில் வந்து குடியேறும் அயல்நாட்டுப் பென்ஷன்காரரின் வெளிநாட்டு வருமானத்துக்கு 7 சதவிகித வரி போதுமென்று விதித்தது. இளைஞர் வெளியேறிக் காலியான ஊர்களை முதியவர்களைக் கொண்டு நிரப்பலாம் என்பது அதன் எண்ணம். ஆகவே, இவர்கள் ஏன் போகிறார்கள், போன இடத்தில் எதை அனுபவிக்கிறார்கள், அந்த அனுபவத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் நிதானமாக ஆராய்வது அவசியம். பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவாயிருக்கும்.

மெக்ஸிகோவின் மேற்குப் பாகத்தில், ஹலிஸ்கோ மாகாணத்தில், அத்தேசத்தின் ஏரிகளுள் மிகப் பெரியதான சப்பாலா ஏரி இருக்கிறது. அதன் வடகரையில், மலைக்கும் நீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அஹிஹிக். 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கு வசிப்போர் சுமார் 11,000 பேர். கடல் மட்டத்துக்குச் சுமார் 5,000 அடி உயரத்தில், வெப்ப மண்டலத்துக்குள் இருப்பதால், கடுங்குளிரும் இல்லை. கடும் வெயிலும் சில வாரங்களுக்கு மேல் இல்லை. குவாதலஹாரா என்னும் பெருநகரமும் அதன் ஆஸ்பத்திரிகளும் விமான நிலையமும் ஒரு மணிப் பிரயாணத்துக்குள் இருக்கின்றன. இவ்வேரிக்கரைக்கு அயல்நாட்டார் வருவது இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் 1923-ம் வருஷத்தில் சப்பாலா ஊரில் தங்கி, மெக்ஸிகோவைப் பற்றிய தமது நாவலின் முதற்பிரதியை எழுதினார். நீல் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க மாது 1940-களில் அஹிஹிக்குக்கு வந்து, 1994-ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். 1955-ல் குடியேறிகள் கூடி ‘லேக் சப்பாலா ஸொஸைட்டி’ என்ற சங்கத்தை நிறுவினார்கள். அது இன்றும் நடைபெற்று வருகிறது.

முதற் காரணம் பணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ், ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவருக்கு 2025-ம் வருஷத் தொடக்கத்தில் கிடைத்த சராசரித் தொகை மாதம் சுமார் 1,976 டாலர். அமெரிக்கப் பட்டணங்களில் குடிக்கூலியும் மருந்துச் செலவும் போக, இத்தொகையில் மிஞ்சுவது சொற்பம். இதே பென்ஷன், டாலருக்கு 20 பேஸோ வீதம் கணக்கிட்டால், மெக்ஸிகோவில் ஏறக்குறைய 39,500 பேஸோ ஆகிறது. அவ்வருஷம் மெக்ஸிகோ சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி நாள் ஒன்றுக்கு 278.80 பேஸோ. மாதம் முழுதும் உழைப்பவனுக்குச் சுமார் 8,400 பேஸோ. சொந்த ஊரில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிட்ட மனிதர், எல்லையைத் தாண்டியதும் நான்கு தொழிலாளரின் வருமானத்துக்கு மேற்பட்ட தொகைக்கு உடையவராகிறார். சிறு தோட்டமுள்ள வீடு, வேலைக்கு ஓர் ஆள், வாரத்தில் இரு முறை வெளியே சாப்பாடு ஆகியவை அவருக்குச் சாத்தியமாகின்றன.

ஆனால் பணம் ஒன்றே காரணமாயின், இதைவிட மலிவான இடங்கள் உலகில் எத்தனையோ உண்டு. மெக்ஸிகோவிலேயே, அயலார் எட்டிப் பாராத ஊர்களில் குடிக்கூலி இதனினும் குறைவு. மேலும் பேஸோவின் மதிப்பு ஒரு நிலையில் நிற்பதில்லை. 2020-ல் டாலருக்கு 20 பேஸோவுக்கு மேல் கிடைத்தது. 2024-ன் முற்பகுதியில் 17-க்கும் குறைவாகவே கிடைத்தது. அப்பொழுது குடியேறிகளின் வரவு ஆறில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைந்தது. ஆயினும் ஊர் காலியாகிவிடவில்லை. ஆகவே மலிவு இவர்களை அங்கே அழைத்துச் செல்கிறது என்று சொல்லலாமே தவிர, அங்கே இருத்தி வைப்பது வேறொன்று என்று கொள்ளவேண்டும்.

அது இன்னதென்று அறிய, அவர்கள் விட்டு வந்த வாழ்க்கையைப் பார்க்கவேண்டும். அமெரிக்கப் பட்டணங்களின் புறநகர்கள் மோட்டார் வண்டியை நம்பிக் கட்டப்பட்டவை. வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போக முடியாது. பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. கண் மங்கி, வண்டி ஓட்டும் லைசென்ஸ் போன அன்று, முதியவர் தமது வீட்டிலேயே சிறைப்பட்டவராகிறார். பிள்ளைகள் வேறு மாகாணங்களில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. அத்தேசத்தின் தலைமைச் சுகாதார அதிகாரியாயிருந்த டாக்டர் விவேக் மூர்த்தி, 2023-ம் வருஷத்தில் தனிமை என்பதையே ஒரு தேசிய வியாதியாக விவரித்து அறிக்கை வெளியிட நேர்ந்தது. செல்வத்தில் முதலிடம் வகிக்கும் ராஜ்யத்தில் இப்படி ஓர் அறிக்கை தேவைப்பட்டதென்றால், அதைக் குறித்து நாம் அதிகமாக வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை.

சிற்றூர்தான் வேண்டுமென்றால் அமெரிக்காவிலேயே சிற்றூர்கள் இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் அவற்றின் நிலைமை என்ன? 2010-ம் வருஷத்துக்குப் பின் 100-க்கு மேற்பட்ட நாட்டுப்புற ஆஸ்பத்திரிகள் அங்கே மூடப்பட்டிருக்கின்றன. கடைத்தெருவிலிருந்த வியாபாரத்தை நெடுஞ்சாலை ஓரத்துப் பெருங்கடைகள் விழுங்கிவிட்டன. ஊர் நடுவே மனிதர் கூடுவதற்குக் காரணமே இல்லாமற் போயிற்று. பெயரளவில் சிற்றூராயிருப்பது போதாது. அங்கே சந்தை, திருவிழா, தெருவில் நடமாட்டம் ஆகியவை உயிரோடிருக்க வேண்டும்.

அஹிஹிக்கில் இவை உயிரோடிருக்கின்றன. புதன்கிழமைதோறும் தெருவில் சந்தை கூடுகிறது. ஊர் நடுவே சதுக்கம், அதன் நடுவே வாத்தியக்காரர்களுக்கு ஒரு மண்டபம், சுற்றிலும் பெஞ்சுகள். ஏரிக்கரையில் மாலை வேளையில் குழந்தைகளும் கிழவர்களும் உலாவுகிறார்கள். நவம்பர் மாதக் கடைசியில் ஊர்ப் புரவலரான அந்திரேயரின் திருநாள் ஒன்பது நாள் நடக்கிறது. வாண வேடிக்கையின் சத்தத்தில் அந்நாட்களில் தூக்கமே வராது. தெருவில் எதிர்ப்படுகிறவருக்கு முகமன் கூறாமல் செல்வது அங்கே மரியாதைக் குறைவு. வயது முதிர்ந்தவரை, ஆடவராயின் ‘தோன்’ என்றும் பெண்டிராயின் ‘தோஞா’ என்றும் பெயருக்குமுன் சேர்த்து அழைக்கிறார்கள். தம் நாட்டில் இலக்கம் ஒன்றினால் மட்டும் அறியப்பட்ட பென்ஷன்காரர், இங்கே இரண்டு மாதங்களில் தக்காளி விற்பவளுக்கும் முடி திருத்துகிறவருக்கும் பெயர் சொல்லி அழைக்கப்படும் மனிதராகிவிடுகிறார். நான்கு நாள் வெளியே காணப்படாவிட்டால் ஐந்தாம் நாள் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். முதுமையில் இதற்கு மேற்பட்ட காப்பு எது?

இதனோடு, அந்நியனாயிருப்பதிலேயே ஒரு சுகமுண்டு. சொந்த ஊரில் ஓய்வு பெற்றவர் தமது பழைய பதவியின் நிழலாகவே வாழ்கிறார்; இன்ன கம்பெனியில் மானேஜராயிருந்தவர், இன்ன பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராயிருந்தவர் என்பதே அவரது அடையாளம். அயலூரில் அந்தக் கணக்குப் புஸ்தகம் கிடையாது. அவர் மீண்டும் மாணாக்கராகிறார். அறுபத்தெட்டு வயதில் ஸ்பானிஷ் வினைச்சொற்களைத் தப்பும் தவறுமாகச் சொல்லிச் சிரிப்புக்கு இடமாவதும், மீன் வாங்குவதற்குப் பத்து வார்த்தை கற்றுக்கொள்வதும் சிறு காரியங்கள்தாம். ஆனால் நாட்கள் ஒன்றைப்போல் ஒன்று கழிவதே முதுமையின் பெருந்துன்பம். அத்துன்பத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. நாளொன்றுக்கு ஒரு வார்த்தையேனும் புதிதாய்க் கற்பவனை வயோதிகன் என்று சொல்வது கஷ்டம். நீல் ஜேம்ஸ் இதற்கு ஒரு படி மேலே சென்றார். அவ்வூர்ப் பிள்ளைகளுக்காக வாசகசாலைகளைத் திறந்தார். சித்திரம் வரையக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். தமது வீட்டையும் தோட்டத்தையும் முடிவில் மேற்படி சங்கத்துக்கே அளித்தார். குழந்தைகளின் சித்திர வகுப்பு இன்றும் நடக்கிறது. வாங்க வந்தவர் கொடுக்கவும் தொடங்கும்போதுதான் குடியிருப்பு பூர்த்தியாகிறது.

இவ்வாழ்க்கையில் குறைகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. முதியோர்க்கு அமெரிக்க சர்க்கார் அளிக்கும் ‘மெடிகேர்’ என்னும் வைத்திய உதவி, மிகச் சில விலக்குகள் தவிர, எல்லைக்கு வெளியே செல்லாது. அதன் ஒரு பகுதிக்குரிய மாதச் சந்தாவை நிறுத்திவிட்டு, பின்னர் ஊர் திரும்பிச் சேர்வோர், தவறிய ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 10 சதவிகிதம் கூடுதலாகக் கட்ட நேரிடும். பேரக் குழந்தைகளின் முகத்தைப் படத்தில் பார்த்தே திருப்தியடைய வேண்டும். கல் பாவிய கரடுமுரடான தெருக்கள் முழங்காலுக்குச் சத்துரு. எல்லாவற்றுக்கும் மேலாக, சுவர் எழுப்பிய குடியிருப்பில் தம் இனத்தாரோடு மட்டும் பழகி, தம் பாஷையே பேசி, ஊராரை வேலையாட்களாக மட்டும் காண்போர் பலர் உண்டு. அவர்கள் விட்டு வந்த புறநகரையே ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர்கள். மலிவு அவர்களுக்குக் கிடைத்தது. நாம் மேலே கூறிய சுகம் கிடைக்கவில்லை.

இனி, வரவேற்கும் தேசத்தின் பக்கம் திரும்புவோம். சட்டம் பயின்றோரும் அரசியலில் ஈடுபட்டோரும் மெக்ஸிகோவின் 1917-ம் வருஷத்து அரசியலமைப்பில் இரண்டு ஷரத்துக்களைக் கவனிக்கவேண்டும். 27-வது ஷரத்தின்படி, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் அந்நியர் நேராக நிலம் வாங்க முடியாது. உள்நாட்டிலுள்ள அஹிஹிக்கில் வாங்கலாம். ஆனால் வாங்குமுன், அச்சொத்தைப் பொறுத்தவரை தம்மை மெக்ஸிகோப் பிரஜையாகவே பாவிப்பதாகவும், தகராறு எழுந்தால் தமது சொந்த சர்க்காரின் உதவியை நாடுவதில்லை என்றும் ஒப்புக்கொடுக்க வேண்டும். மீறினால் சொத்து தேசத்தைச் சேரும். 33-வது ஷரத்து, அத்தேசத்தின் அரசியல் விவகாரங்களில் அந்நியர் எவ்விதத்திலும் தலையிடக்கூடாது என்று தடுக்கிறது. குடியேறியவரின் பின்னால் பீரங்கிக் கப்பல் வரும் என்பதைச் சரித்திரத்திலிருந்து கற்ற ஒரு ஜனசமூகம் எழுதிய வாக்கியங்கள் இவை. அதே ஏரியிலுள்ள மெஸ்கலா தீவில், 1812 முதல் 1816 வரை, சுற்றுப்புறத்து ஆதிக்குடிகள் ஸ்பானிய ராணுவத்தை எதிர்த்து நின்றார்கள். வீட்டுக்கு வருகிறவரை வரவேற்பதும், வீட்டின் சாவியைத் தன் மடியிலேயே வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதை இவ்விரு ஷரத்துக்களும் காட்டுகின்றன. வருகிறவருக்கும் இது நன்மையே. ஆளும் பொறுப்பில்லாத விருந்தினராயிருப்பதில் ஒரு மனநிம்மதி உண்டு.

ஆனால் அரசியலமைப்பு நிலத்தைக் காத்த அளவுக்கு வாடகையைக் காக்கவில்லை. சதுக்கத்துப் பெஞ்சு ஒன்றில் இரண்டு கிழவர்கள் அருகருகே உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் மேலே சொன்ன 39,500 பேஸோ வாங்குகிறவர். மற்றவர் அவ்வூரிலேயே பிறந்த மீனவர். 65 வயது நிரம்பிய மெக்ஸிகோப் பிரஜைகள் அனைவருக்கும் அந்நாட்டு சர்க்கார் அளிக்கும் பென்ஷன், 2025-ல், இரண்டு மாதத்துக்கு 6,200 பேஸோ. அதாவது மாதம் 3,100. எல்லாருக்கும் பென்ஷன் என்பதை 2020-ல் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்ட அத்தேசத்தை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் இந்த விகிதம், முகமன் கூறுவதால் மறைந்துவிடாது. இருவரும் ஒரே வீட்டுக்கு வாடகை கேட்கும் நாளில் யாருக்கு வீடு கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மீனவரின் மகன் மலைச்சரிவுக்கோ தூரத்து ஊருக்கோ போகிறான். அஹிஹிக்கை 2020-ல் மெக்ஸிகோ சர்க்கார் ‘மாய ஊர்கள்’ என்னும் உல்லாசப் பிரயாணத் தலங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. குவாதலஹாராவிலிருந்து வாரக் கடைசியில் வருவோரின் கூட்டமும் இதனால் வலுப்பெற்றது. குவாதலஹாராவுக்குக் குடிநீரின் பெரும்பகுதியை அளிக்கும் இவ்வேரி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அபாயகரமாக வற்றியது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். 2025 ஜூலையில் மெக்ஸிகோ நகரத்துத் தெருக்களில், அயலார் வருகையால் வாடகை ஏறுவதை எதிர்த்து ஊர்வலம் நடந்து, கண்ணாடிகள் உடைந்தன. 2009-ல் அயல்நாட்டாருக்கு வரிச்சலுகை காட்டிய போர்த்துகல், வீட்டு விலையைப் பற்றிய கூக்குரல் எழுந்தபின், 2024 முதல் அப்பழைய சலுகையைப் புதியவர்களுக்கு மூடிவிட்டது. இவை எச்சரிக்கைகள்.

பென்ஷன் கடல் கடந்து செல்வது இந்தியருக்குப் புதிய விஷயமன்று. ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர் ஒருவருக்கு வருஷம் 1,000 பவுன் வீதம் இந்திய ரெவின்யூவிலிருந்து சென்றது. அது செல்ட்டன்ஹாம் போன்ற இங்கிலாந்து ஊர்களில் செலவாயிற்று. இங்கே வசூலித்து அங்கே செலவழித்த அந்தத் தொகையைத் தாதாபாய் நௌரோஜி 1901-ல் வெளியிட்ட தமது நூலில் தேசத்தின் ரத்தம் வெளியேறும் வழிகளில் ஒன்றாகக் கணக்கிட்டார். அஹிஹிக்கில் நடப்பது அதற்கு நேர்மாறு. பணக்கார தேசத்தில் சேர்ந்த பணம் ஏழை ஊரில் வந்து செலவாகிறது. கொத்தனுக்கும் தச்சனுக்கும் தாதிக்கும் வேலை கிடைக்கிறது. பிழைப்புத் தேடி வடக்கே போயிருக்கவேண்டிய இளைஞர் சிலர் ஊரிலேயே தங்குகிறார்கள். ஆகையால் இவ்வருகையை நாம் அடியோடு கண்டிக்கவில்லை. பணம் வருவது நல்லது. அது வரும்போது ஊராரை வெளியே தள்ளாமலிருப்பதற்கு வேலி வேண்டும் என்பதே நமது வாதம்.

அமெரிக்காவுக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டும். 1935-ம் வருஷத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, முதியவன் பிச்சை எடுக்கக்கூடாது என்று தீர்மானித்த தேசம் அது. தொண்ணூறு வருஷங்களுக்குப் பின், அதே சட்டத்தின்கீழ்க் கிடைக்கும் தொகை அயல்நாட்டில்தான் கௌரவமான ஜீவனத்துக்குப் போதுமென்றால், குறைபாடு போகிறவரிடத்தில் இல்லை. நடந்து போகத்தக்க தெருவும், பெயர் தெரிந்த அண்டை வீட்டாரும், கைக்கெட்டும் வைத்தியமும் சொந்த தேசத்தில் கிடைக்குமாயின், பலர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். அவர்களைத் தேசாபிமானமற்றவர் என்று ஏசுவதைவிட, அவர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்று விசாரிப்பது அவ்வரசாங்கத்துக்கு அதிகப் பயன் தரும்.

இனி நமது முடிவு. அயல்நாட்டுச் சிற்றூரில் ஓய்வு பெறுகிறவர் அனுபவிக்கும் சுகம் மெய்யானதே. அச்சுகத்தின் வேர், மலிவான வீட்டிலோ மிதமான வெயிலிலோ இல்லை. தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் அயலாரிடத்தில் இருக்கிறது. வீட்டை விலைக்கு வாங்கலாம். அயலாரை விலைக்கு வாங்க முடியாது. தாமும் தம்மைப் போன்றோரும் வந்து சேர்ந்ததன் பலனாக மீனவரும் தக்காளி விற்பவளும் ஊரை விட்டுப் போய்விடுவார்களாயின், மிஞ்சுவது அழகான ஏரிக்கரையில் ஒரு புறநகர். அதை விட்டுத்தானே இவர்கள் வந்தார்கள்? ஆகவே ஊராரின் வீடுகளைக் காப்பது குடியேறியவரின் சுயநலமும் ஆகும். வாடகைக்கு வரம்பும், ஊர்ப்பிள்ளைகளுக்கு மனையும், ஏரி நீருக்குக் கணக்கும் வேண்டும். இவற்றுக்குச் சட்டம் செய்ய உரிமையுடையவர்கள் மெக்ஸிகோ மக்களே. 33-வது ஷரத்து அவ்விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. விருந்தினர் செய்யவேண்டியது, அச்சட்டங்கள் வரும்போது குறுக்கே நில்லாதிருப்பதும், அதுவரை நியாயமான வாடகையும் கூலியும் கொடுத்து, அவ்வூர்ப் பாஷையில் நான்கு வார்த்தை பேசக் கற்றுக்கொள்வதுமே.